இணையச் சூதாட்டம்: பணம் போனால் யாரிடம் கேட்பது?

சம்பளம் ஏறும் நாள்களில் கைப்பேசிக்கு வரும் புலனச் செய்திகளைப் பாருங்கள். “போஸ், இன்னிக்கு ஃப்ரீ கிரெடிட் இருக்கு”, “நூறு போட்டா நூறு போனஸ்”, “ரெண்டு நிமிஷத்துல சூச்சி” என்று எங்கிருந்தோ ஓர் ஏஜென்ட் அழைக்கிறார். அவர் பெயர் தெரியாது, ஊர் தெரியாது. எண் மட்டும்தான் தெரியும். அதை நம்பித்தான் 50 ரிங்கிட் போகிறது, பிறகு 500 போகிறது.

இணையச் சூதாட்டத்தில் செய்யக்கூடாத தவறுகள் என்று பொதுவான அறிவுரைகள் நிறைய உலவுகின்றன. உரிமம் பெற்ற தளத்தில் மட்டும் விளையாடுங்கள், போனஸ் விதிகளைப் படியுங்கள், ஒரு வரம்பு வைத்துக்கொள்ளுங்கள் என்பார்கள். பிரிட்டனைப் போல் அரசாங்கமே உரிமம் கொடுத்துக் கண்காணிக்கும் நாடுகளுக்கு இவை பொருந்தலாம். நம் நாட்டில் முதல் அறிவுரையே நிற்காது. மலேசியாவில் உரிமம் பெற்ற இணையக் கேசினோ ஒன்றுகூட இல்லை. கெந்திங் மலையில் இருப்பதுதான் சட்டப்படி இயங்கும் ஒரே கேசினோ. நாலு நம்பர் கடைகளுக்கு உரிமம் உண்டு. ஆனால் புலனத்தில் வரும் ஏஜென்டுக்கு எந்த உரிமமும் இல்லை.

மற்றத் தவறுகள் எல்லாம் இங்கிருந்துதான் கிளைக்கின்றன. கேட்பதற்கு ஆள் இருக்கிறது என்று நினைத்துப் பணம் கட்டுகிறோம். உண்மையில் யாரும் இல்லை.

சட்டம் என்ன சொல்கிறது?

பொதுச் சூதாட்ட மையங்கள் சட்டம் 1953-ஆம் ஆண்டில் வந்தது. இணையம் என்ற சொல்லே இல்லாத காலம் அது. அந்தச் சட்டத்தின்கீழ் சூதாட்ட மையத்தில் விளையாடிய குற்றம் நிரூபிக்கப்பட்டால் 5,000 ரிங்கிட் வரை அபராதம், அல்லது 6 மாதம் வரை சிறை, அல்லது இரண்டுமே விதிக்கப்படலாம். நடத்துபவருக்குத் தண்டனை இதைவிடக் கடுமை.

பலர் அறியாத இன்னொரு சட்டமும் உண்டு. 1950-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 31-ஆவது பிரிவுப்படி பந்தய ஒப்பந்தம் செல்லாது. பந்தயத்தில் வென்றதாகச் சொல்லும் பணத்தைக் கேட்டு நீதிமன்றம் போக முடியாது. நீங்கள் 8,000 ரிங்கிட் வென்றீர்கள், ஏஜென்ட் எண்ணை மாற்றிவிட்டார் என்றால் வழக்குப் போட வழியில்லை. போலீசில் புகார் செய்யவும் பலர் அஞ்சுகிறார்கள். தானும் குற்றம் செய்ததாக ஆகிவிடுமோ என்ற பயம். அந்தப் பயம்தான் ஏஜென்டுக்குப் பாதுகாப்பு.

முதல் வெற்றி

தொடக்கத்தில் 30 போட்டு 120 ‘சூச்சி’ செய்தவர், பணம் உடனே வந்துவிட்டது என்று நண்பர்களிடம் சொல்வார். சின்னத் தொகையைக் கொடுப்பதில் ஏஜென்டுக்கு நட்டம் இல்லை. அதுதான் அவருக்கு விளம்பரம். தொகை பெரிதானதும் பேச்சு மாறும். “கணக்கு முடங்கியிருக்கு, திறக்க 300 கட்டுங்க”, “வரி கட்டினாதான் பணம் வரும்” என்பார்கள். வென்ற பணத்தை எடுக்க முன்பணம் கேட்டால் அது மோசடி என்று முடிவு கட்டிவிடலாம். அங்கே மேற்கொண்டு ஒரு சென்கூட கட்டக்கூடாது.

போனஸ் கணக்கு

நூறு போட்டால் நூறு இலவசம் என்பது காதுக்கு இனிக்கும். கூடவே ‘டர்ன்ஓவர் 20 மடங்கு’ என்று ஒரு வரி இருக்கும். மொத்தக் கணக்கில் இருக்கும் 200 ரிங்கிட்டை 20 மடங்கு, அதாவது 4,000 ரிங்கிட் அளவுக்குப் பந்தயம் கட்டி முடித்த பிறகே பணத்தை எடுக்கலாம் என்பது அதன் பொருள். ஸ்லோட் ஆட்டம் நூற்றுக்கு 96 திருப்பித் தருகிறது என்றே வைத்துக்கொள்வோம். 4,000 கட்டினால் சராசரியாக 160 போகும். இருநூறில் மிஞ்சுவது 40. உங்கள் கைப்பணம் நூறு என்பதை மறக்க வேண்டாம். அந்த 96 உண்மைதானா என்று சோதிக்கவும் இங்கு எந்த அமைப்பும் இல்லை.

விட்டதைப் பிடிப்பது

‘தோற்றால் இரட்டிப்பாகக் கட்டு, ஒருமுறை வென்றால் எல்லாம் திரும்பும்’ என்பது பலர் நம்பும் உத்தி. ரூலெட்டில் சிவப்பின்மேல் 10 ரிங்கிட் கட்டுவதாக வைத்துக்கொள்வோம். தொடர்ந்து ஏழு முறை தோற்றால் 10, 20, 40, 80, 160, 320, 640 என்று மொத்தம் 1,270 போயிருக்கும். எட்டாவது முறை கட்ட 1,280 வேண்டும். குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வாங்குபவரிடம் அப்போது மிஞ்சியிருப்பது 430தான். எட்டாவது ஆட்டத்தை அவரால் ஆடவே முடியாது. ஏழாவதில் வென்றிருந்தாலும் கையில் கூடியிருக்கக்கூடியது வெறும் 10 ரிங்கிட்.

ஏழு முறை தொடர்ந்து தோற்பது அபூர்வம் என்று தோன்றலாம். 37 எண் கொண்ட ரூலெட்டில் 18 சிவப்பு, 18 கறுப்பு, ஒரு பூஜ்யம். இந்த உத்தியை நூறு முறை தொடங்கினால் ஏறக்குறைய ஒருமுறை அது நடக்கும். கைப்பேசியில் ஓர் ஆட்டம் சில வினாடிகளில் முடிகிறது. ஒரே இரவில் நூறு முறை தொடங்குவது பெரிய காரியமல்ல.

கையில் இருக்கும் பணம்

முன்பு சூதாட வேண்டுமென்றால் ரொக்கம் வேண்டும், இடம் வேண்டும். இன்று சம்பளம், மின்பணப்பை எல்லாம் ஒரே கைப்பேசியில் இருக்கின்றன. 2024 மே மாதம் முதல் ஊழியர் சேமநிதி வாரியத்தில் மூன்றாவது கணக்கும் வந்துவிட்டது. குறைந்தது 50 ரிங்கிட் என எந்த நேரத்திலும் அதிலிருந்து எடுக்கலாம். அவசரத் தேவைக்காக வந்த நல்ல ஏற்பாடு அது. நள்ளிரவில் விட்டதைப் பிடிக்கத் துடிப்பவருக்கும் அதே கதவு திறந்திருக்கிறது.

பணம் தீர்ந்த பிறகு ஏஜென்ட் இன்னொரு வழி காட்டுவார். “உங்க பேங்க் கார்டைக் கொஞ்ச நாள் கொடுங்க, மாசம் இவ்வளவு தர்றோம்.” மலாயில் ‘அக்கவுன் கெல்டாய்’ என்று சொல்லப்படுவது இதுதான். 2024-இல் குற்றவியல் சட்டம் திருத்தப்பட்டு, கணக்கையோ கார்டையோ பிறர் கையில் கொடுப்பது தனிக் குற்றமாகியிருக்கிறது. எங்கோ ஒரு மூதாட்டியிடம் ஏமாற்றிய பணம் உங்கள் கணக்கில் விழுந்தால், போலீஸ் முதலில் தேடி வருவது உங்கள் வீட்டுக்குத்தான்.

இன்னொரு வழி ஆலோங். உரிமம் பெற்ற வட்டித் தொழில் நடத்துபவர், அடமானம் இல்லாத கடனுக்கு ஆண்டுக்கு 18 விழுக்காட்டுக்கு மேல் வட்டி வாங்கக்கூடாது. வாரத்துக்கு இவ்வளவு என்று கணக்குச் சொல்பவர் சட்டத்துக்கு வெளியே நிற்பவர்.

ஜொகூரிலிருந்து சிங்கப்பூருக்கு வேலைக்குப் போய்வரும் நம்மவர்களுக்கும் ஒரு வார்த்தை. 2022-இல் அங்கே புதிய சூதாட்டக் கட்டுப்பாட்டுச் சட்டம் நடப்புக்கு வந்தது. உரிமம் இல்லாத தளத்தில் விளையாடினால் 10,000 வெள்ளி வரை அபராதம், 6 மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் விதிக்கப்படலாம்.

கண்ணுக்குத் தெரியாத கடை

1946, 47-ஆம் ஆண்டுகளில் கெடா தோட்டங்களில் தொண்டர் படை கள்ளுக்கடைகளை எதிர்த்துப் போராடியது. அன்று எதிரி கண்ணுக்குத் தெரிந்தது. கடை ஓர் இடத்தில் இருந்தது, யார் உள்ளே போகிறார் என்று ஊருக்கே தெரியும். மறியல் செய்யவும் முடிந்தது, அப்பாவைக் கையைப் பிடித்து இழுத்து வரவும் முடிந்தது.

இன்றைய கடை சட்டைப்பையில் இருக்கிறது. வாசலில் மறியல் செய்ய முடியாது. ஓர் இணையத்தளத்தை முடக்கினால் அதே கடை வேறு முகவரியில் திறக்கிறது. ஆகவே நம்மால் செய்ய முடிந்த முதல் காரியம், வீட்டில் மறைக்காமல் பேசுவது. தோற்ற பணத்தைவிட அதை மறைக்க வாங்கும் கடன்தான் குடும்பத்தைப் பெரிதாக அரிக்கிறது. மனைவிக்குத் தெரியாமல் நகை அடகுக்குப் போவதும், அம்மாவின் கூத்துப் பணம் காணாமல் போவதும் அதனால்தான். இளைஞர்களுக்குப் போதைப்பொருள் பற்றிப் பேசும் ஆலயங்களும் பெற்றோர் ஆசிரியர் சங்கங்களும் இதையும் பேச்சில் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

மோசடி என்று தெரிந்த உடனே தேசிய மோசடி எதிர்ப்பு மையத்தின் 997 எண்ணை அழைக்கலாம். ஒரு கணக்கு எண் மோசடியில் சிக்கியதா என்று போலீஸின் ‘செமாக் மியூல்’ தளத்தில் பார்க்கலாம். வங்கிக் கடன் கழுத்தை நெரித்தால், பேங்க் நெகாரா அமைத்த ஏகேபிகே இலவசமாக ஆலோசனை தருகிறது. ஆலோங் மிரட்டினால் போலீஸ் நிலையம் போகலாம். மனம் உடைந்து நிற்பவர்கள் பிஃப்ரெண்டர்ஸ் அமைப்பை 03-7627 2929 என்ற எண்ணில் அழைத்துப் பேசலாம்.

இன்றிரவு அந்த ஏஜென்டின் செய்தி மறுபடியும் வரும். பதில் சொல்லும் முன் ஒரே ஒரு கேள்வி போதும்: பணம் போனால் இவரை நான் எங்கே போய்த் தேடுவேன்?