ஒப்பந்தமும் மனச்சான்றும்

நம் பங்கில் சமூகக்கூடம் கட்ட ஒப்பந்தப்புள்ளி கோரப்படுகிறது என்று வைத்துக்கொள்வோம். விலை பேசி முடிக்கும் பொறுப்பு நம்மில் ஒருவருக்குத் தரப்படுகிறது. ஆனால் அவருடைய மகளும் மருமகனும் ஒப்பந்தக்காரரிடமே வேலை பார்க்கிறார்கள். நாளை அவருக்கும் அங்கே ஒரு பெரிய பதவி காத்திருக்கிறது. இதை நாம் ஏற்றுக்கொள்வோமா? உலகிலேயே மிக அதிகம் செலவிடும் இராணுவத்தின் ஒப்பந்தம் ஒன்றில் நடந்தது இதுதான்.

வானில் பறந்தபடியே மற்ற விமானங்களுக்கு எரிபொருள் நிரப்பும் 100 விமானங்களைப் போயிங் நிறுவனத்திடமிருந்து குத்தகைக்கு எடுக்க, 2001-ஆம் ஆண்டு அமெரிக்க விமானப்படை திட்டமிட்டது. குத்தகையைவிட விலைக்கு வாங்குவதே சிக்கனம் என்று நாடாளுமன்ற வரவு செலவு அலுவலகம் சுட்டிக்காட்டியது. செனட் உறுப்பினர் ஜான் மெக்கெய்ன் இத்திட்டத்தை விடாமல் எதிர்த்துக் கேள்வி எழுப்பினார்.

விசாரணையில் உண்மை வெளிவந்தது. விமானப்படையின் கொள்முதல் உயர் அதிகாரியாக இருந்த டார்லீன் ட்ரூயன், பதவியில் இருக்கும்போதே போயிங்கில் தமக்கு வேலை பேசியிருந்தார். 2003 சனவரியில் அங்கே பணியிலும் சேர்ந்தார். அதற்கு முன்பே தம் மகளுக்கும் வருங்கால மருமகனுக்கும் அந்நிறுவனத்தில் வேலை கேட்டுப் பெற்றிருந்தார். போயிங்கிற்குச் சாதகமாக விலையைக் கூட்டி ஏற்றுக்கொண்டதாக நீதிமன்றத்தில் அவரே ஒப்புக்கொண்டார். 2004-இல் அவருக்கு 9 மாதச் சிறைத் தண்டனை கிடைத்தது. அவரிடம் வேலை பேசிய போயிங்கின் நிதித் தலைவர் மைக்கேல் சியர்ஸும் 2005-இல் 4 மாதச் சிறைத் தண்டனை பெற்றார். இதையும் வேறொரு முறைகேட்டையும் சேர்த்து, 2006-இல் போயிங் 61.5 கோடி டாலர் செலுத்தி வழக்கை முடித்துக்கொண்டது.

அதன்பின் போட்டி நடத்தப்பட்டது. 2008 பிப்ரவரியில் 179 விமானங்களுக்கான, ஏறக்குறைய 3500 கோடி டாலர் ஒப்பந்தம் நார்த்ராப் குரும்மனுக்கும் அதன் ஐரோப்பியக் கூட்டாளிக்கும் கிடைத்தது. போயிங் முறையிட்டது. மதிப்பீட்டில் பிழைகள் இருந்ததாக அரசின் கணக்காய்வு அலுவலகம் அறிவிக்க, அத்தீர்ப்பும் கலைந்தது. இறுதியில் 2011-இல் போயிங்கே வென்றது. இடைப்பட்ட காலத்தில் வாஷிங்டன், கான்சஸ் மாநிலப் பிரதிநிதிகள் போயிங்கிற்காகவும், அலபாமா பிரதிநிதிகள் மற்ற அணிக்காகவும் வாதாடினர். நல்ல விமானம் எது என்ற கேள்வியைவிட, எந்த ஊருக்கு வேலை கிடைக்கும் என்ற கேள்வியே உரக்க ஒலித்தது.

போட்டியினால் ஒரு நன்மை விளைந்தது. விலை உறுதி செய்யப்பட்ட ஒப்பந்தம் என்பதால், பின்னர் ஏற்பட்ட 700 கோடி டாலருக்கும் மேற்பட்ட கூடுதல் செலவைப் போயிங்கே சுமக்க நேர்ந்தது. ஆயினும் முதல் விமானம் விமானப்படையின் கைக்கு வந்தது 2019-இல்தான். அதிலும் குறைகள் இருந்தன. நேர்மை தவறிய ஒரு பேரத்தைச் சரிசெய்ய ஏறக்குறைய இருபது ஆண்டுகள் ஆயின!

இன்று போட்டிக்கே இடம் குறைந்துவிட்டது. 1990-களில் 51-ஆக இருந்த அமெரிக்காவின் முதன்மைப் பாதுகாப்பு நிறுவனங்கள் இணைந்து இணைந்து 5-ஆகச் சுருங்கிவிட்டன என்று அந்நாட்டுப் பாதுகாப்புத் துறையே 2022-இல் அறிவித்தது. விற்பவர் ஒருவர் இருவரே என்றால், வாங்கும் அரசு அவர் சொல்லும் விலைக்கு இணங்க வேண்டியதுதானே? இராணுவமும் ஆயுதத் தொழிலும் கைகோத்துப் பெறும் செல்வாக்கைக் குறித்து, தாமே படைத்தளபதியாக இருந்த குடியரசுத் தலைவர் ஐசனோவர் 1961-ஆம் ஆண்டின் பிரியாவிடை உரையில் எச்சரித்தது இன்றும் பொருந்துகிறது.

இது ஏதோ தொலைதூர நாட்டின் செய்தி என்று நாம் ஒதுங்கிவிட முடியாது. 1964-இல் நற்கருணை மாநாட்டிற்காக மும்பை வந்த திருத்தந்தை ஆறாம் பவுல், இராணுவச் செலவில் ஒரு பகுதியை ஒதுக்கி ஏழைகளுக்கென உலக நிதி ஒன்றை அமைக்கும்படி அங்கிருந்துதான் நாடுகளிடம் வேண்டினார். நாட்டைக் காக்கச் செலவு தேவை என்பதை நாம் மறுக்கவில்லை. ஆனால் வேலைக்கும் பதவிக்கும் ஈடாகக் கூட்டித் தரப்படும் ஒவ்வொரு தொகையும் யாருடைய பணம்? அது பாதுகாப்பிற்கும் உதவாது. பள்ளிக்கும் மருத்துவமனைக்கும் போய்ச் சேராது.

கையூட்டு பற்றிய விவிலியத்தின் எச்சரிக்கை (விப 23:8) பணக்கட்டுகளுக்கு மட்டும் உரியதன்று. பிள்ளைக்கு ஒரு வேலை, ஓய்வுக்குப்பின் ஒரு நாற்காலி என்ற வடிவிலும் அது வரும். அப்போது அது கையூட்டாகவே தோன்றாது. பாசமாகவும் நன்றியாகவும் தோன்றும். நம் குடும்பங்களிலும் அரசு அலுவலர்கள், பொறியாளர்கள், கணக்கர்கள் இருக்கிறார்கள். அவர்கள் கையெழுத்திடும் கோப்பு சிறியதாக இருக்கலாம். சோதனை ஒன்றே. தவறான கையெழுத்தை மறுக்கும் துணிவு நம் இல்லங்களில் வளர்கிறதா? சிந்திப்போம்.