அஞ்சடியில் கிடப்பவர் யார்?

சம்பளத்துக்கு மறுநாள் சாமான் வாங்கப் பட்டணம் போகிறோம். கடை முன்னே அஞ்சடியில் அட்டையை விரித்து ஒருவர் கிடக்கிறார். பக்கத்தில் சம்சு போத்தல். "குடிகாரப் பயல்" என்று பிள்ளையின் கையை இழுத்துக்கொண்டு நடக்கிறோம். தோழர்களே, நாமும் அப்படி நடந்தவர்கள்தாம்.

சென்ற மாதம் அப்படி நடந்தபோது, "கிராணி ஐயா, நம்ம நம்பரு இன்னும் செக்ரோல்ல இருக்குங்களா?" என்று ஒரு குரல். திரும்பினோம். நாம் முன்பு வேலை பார்த்த தோட்டத்தில் முப்பது வருஷம் பால் வெட்டியவர்! நம்பர் உடனே ஞாபகம் வந்தது, பெயர் வரவில்லை. எழுதவே வெட்கமாக இருக்கிறது.

அந்த நம்பரைச் சிவப்பு மையால் அடித்ததும் நம் கைதான். வயதாயிற்று, வேலை நின்றது. வேலை நின்றால் லயத்து வீடும் போயிற்று. மனைவி முன்னமே காலமாகிவிட்டார். மகனுடைய அடுக்கு வீட்டில் சில மாதம் இருந்தார்; அங்கே ஆறு பேருக்கு இரண்டு அறை. பிறகு அஞ்சடி. குடித்து வீட்டை இழந்தார் என்று நினைத்தோமே, வீடு போனது முந்தி, சம்சு முற்றியது பிந்தி!

முன்னே அவர் குடித்ததே இல்லை என்று பொய் சொல்ல மாட்டோம். மாலையில் கள் குடிப்பவர்தாம். ஆனாலும் விடியுமுன் பெரட்டில் நிற்பவர். அந்தக் கள்ளுக்கடையைத் தோட்டத்துக்குள் வைத்தது யார்? துரைமார் காலத்து நிர்வாகமன்றோ? 1941-இல் கிள்ளான் வட்டாரத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தபோது கள்ளுக்கடையை மூடு என்பதும் அவர்கள் கோரிக்கைகளில் ஒன்று. கடையை மூடச் சொன்னார்களேயன்றி, குடித்தவனை ஒதுக்கச் சொல்லவில்லை.

"மனசு வைத்தால் நிறுத்த முடியாதா?" என்பார் சிலர். நெடுநாள் மிதமிஞ்சிக் குடித்தவர் திடீரென நிறுத்தினால் கை நடுங்கும், வலிப்பு வரும், உயிரே போகலாம். டாக்டர் பார்வையில் நிறுத்த வேண்டிய நோய் அது. சட்டமோ வேறு வழி காட்டுகிறது. 1977-ஆம் ஆண்டின் ஆதரவற்றோர் சட்டப்படி இத்தகையவரைப் பிடித்து மாஜிஸ்திரேட் முன் நிறுத்தலாம். நல இல்லத்தில் வைக்கலாம். முப்பது வருஷம் உழைத்தவருக்கு இதுவா மரியாதை? ஓய்வு பெறுபவருக்கு மாற்று வீடு கிடைக்குமுன் லயத்து வீட்டைப் பறிக்கக் கூடாது என்று ஒவ்வொரு கிளையும் தீர்மானம் போட வேண்டும். நம்பரை அடிக்கும் கிராணிமாரே முதலில் கை தூக்குவோம்.

இப்போது அவர் பெயர் நமக்குத் தெரியும். அடையாள அட்டை தொலைந்துவிட்டது. அது இல்லாமல் உதவிப் பணத்துக்கு மனுச் செய்வது கஷ்டம். திங்கட்கிழமை கிளைச் செயலாளரும் நாமும் அவரைப் பதிவிலாகாவுக்கு அழைத்துப் போகிறோம். குளிப்பு நம் வீட்டுக் குழாயடியில். நம் சட்டை அவருக்குப் பற்றாது, நல்ல உயரம். பெரிய அளவுச் சட்டை இருப்பவர்கள் ஞாயிற்றுக்கிழமைக்குள் கிளைக் காரியாலயத்தில் கொடுங்கள்.