கோட்டையைவிட மூத்த புத்தகம்!

கன்னியாகுமரியிலிருந்து சுமார் 6 கிலோமீட்டரில் இருக்கிறது வட்டக்கோட்டை. கருங்கல் சுவர் மேல் ஏறினால் ஒருபக்கம் கடல், மறுபக்கம் பனைமரங்கள். டச்சுப் படையிலிருந்து வந்து திருவிதாங்கூர் தளபதியான டிலனாய், 18-ஆம் நூற்றாண்டில் பலப்படுத்திய கோட்டை இது. 'எவ்வளவு பழசு!' என்று வாய் பிளக்கிறோம் இல்லையா? தமிழில் அச்சான முதல் புத்தகம் அதைவிடப் பழசு, குட்டீஸ்!

அதற்கு முன்பு புத்தகம் என்றால் அந்தப் பனைமரத்தின் ஓலைதான். ஓலையைப் பதப்படுத்தி, எழுத்தாணியால் கீறி, கரியும் இலைச்சாறும் தடவினால்தான் எழுத்து தெரியும். இன்னொரு பிரதி வேண்டுமா? முதலிலிருந்து மறுபடி எழுத வேண்டும். அதனால் ஏடு வைத்திருந்த வீடுகள் ரொம்பக் குறைவு. ஒருவர் படிப்பார், மற்றவர்கள் உட்கார்ந்து கேட்பார்கள்.

படிப்பதும் லேசில்லை. அழுத்திப் புள்ளி வைத்தால் ஓலை கிழிந்துவிடும் என்று புள்ளியே வைக்க மாட்டார்கள். வார்த்தைகளுக்கு நடுவே இடைவெளியும் கிடையாது. 'எனககுபபலவலி' என்று எழுதியிருந்தால் அது பல் வலியா, பல வலியா? முன்பே விஷயம் தெரிந்தவர்தான் சரியாகப் படிக்க முடியும். சொல்லித்தர ஆளில்லாத பிள்ளை என்ன செய்யும்?

இந்தக் கடற்கரையில் முத்துக் குளித்த மக்களிடையே வாழ்ந்தவர் அண்டிரிக் அடிகளார். போர்ச்சுக்கலில் இருந்து வந்து தமிழ் கற்றவர். இவர் மொழிபெயர்த்த 'தம்பிரான் வணக்கம்' 1578 அக்டோபர் 20 அன்று கொல்லத்தில் அச்சானது. மொத்தமே 16 பக்கம்தான்! அச்சு வேலைக்கு முத்துக்குளிப்பவர்களும் பணம் கொடுத்திருக்கிறார்கள்.

அச்சு எப்படி நடக்கும்? ஒவ்வோர் எழுத்தையும் கண்ணாடியில் தெரிவதுபோலத் திருப்பி உலோகத்தில் வார்ப்பார்கள். வரிசையாக அடுக்கி, மை தடவி, காகிதத்தை வைத்து அழுத்தினால் ஒரு பக்கம் ரெடி. திரும்ப அழுத்தினால் அதே பக்கம் இன்னொன்று. (தப்பாக அடுக்கினால் அந்தத் தப்பும் எல்லாப் பிரதியிலும் வரும்!)

பிறகு தரங்கம்பாடியில் சீகன்பால்கு அச்சுக்கூடம் வைத்தார். ஜெர்மனியிலிருந்து வந்த தமிழ் எழுத்துகள் பெரிதாக இருந்ததால் காகிதம் மளமளவென்று தீர்ந்தது. சீஸ் அடைத்து வந்த பெட்டிகளின் ஈயத்தை உருக்கி, சின்ன எழுத்து வார்த்தார்களாம். எழுத்து சிறிதானால் செலவும் குறையுமே!

வட்டக்கோட்டைப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு அச்சு நெருங்கி வந்தது 1820 வாக்கில்தான். மீட் பாதிரியார் நாகர்கோவிலில் அச்சுக்கூடம் தொடங்கினார். அப்போது மிஷன் பள்ளிகளில், அதுவரை ஏட்டைத் தொடவே விடப்படாத சாதிகளின் பிள்ளைகளும் பெண் குழந்தைகளும் படிக்க வந்துகொண்டிருந்தார்கள். ஓலையில் எழுதி அத்தனை பேருக்கும் கொடுத்து மாளுமா? அச்சடித்த தாள் வந்ததும், வாத்தியார் சொல்வதைக் கேட்டு ஒப்பித்தவர்கள் தாங்களே விரல் வைத்துப் படிக்க ஆரம்பித்தார்கள்.

அந்த 16 பக்கப் புத்தகத்தின் ஒரு பிரதி அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் இருக்கிறது. அதன் படத்தைப் போனில் தேடிப் பாருங்கள். அச்சுக்கு வந்த பிறகும் ஓலைப் பழக்கம் விடவில்லை, புள்ளியைக் காணோம். அப்பா அம்மாவுக்கும் காட்டுங்கள். யார் முதலில் தடுமாறாமல் படிக்கிறார்கள் என்று பார்க்கலாம்!