புல்லட்டுக்கு வெளியே ஆயில் டேங்கா? சோதிக்க ஆள் இல்லாமல் ரோட்டுக்கு வரலாமா?

சென்னை:

கூவம் ஓரம் புதுப்பேட்டை. காலையிலேயே சுத்தியல் சத்தம் ஆரம்பித்துவிடும். முழு என்ஜின், பாதி என்ஜின், மூடி கழற்றிய என்ஜின் என்று கடை வாசல்களில் குவிந்து கிடக்கும்.

"அண்ணே, என் புல்லட்டுக்கு டிரை சம்ப் பண்ணணும். ரேஸ் வண்டி மாதிரி ஆயில் டேங்க் தனியா வெளியே தெரியணும்" என்று ஒரு வாலிபர் வந்து நின்றால், முடியாது என்று சொல்லும் கை அங்கே குறைவு. லேத் பட்டறை பக்கத்திலே. வெல்டிங் எதிர்க்கடையிலே. பம்ப், ஹோஸ், கிளிப் எல்லாம் கைக்கெட்டும் தூரத்திலே!

செய்துவிடலாம். கேள்வி அதுவல்ல. செய்த வேலையைச் சோதித்துப் பார்ப்பது யார்?

அது என்ன டிரை சம்ப்?

இப்போது வருகிற புல்லட்டில் எண்ணெய் என்ஜினின் அடிவயிற்றிலேயே தங்கும். பம்ப் அதை உறிஞ்சி மேலே அனுப்பும். வேலை முடிந்த எண்ணெய் மறுபடி கீழே சொட்டும். இது வெட் சம்ப்.

டிரை சம்ப்பில் அடிவயிறு காலி. எண்ணெய் தனி டேங்கில் இருக்கும். ஒரு பம்ப் டேங்கிலிருந்து என்ஜினுக்கு அனுப்பும். இன்னொரு பம்ப் கீழே விழுந்த எண்ணெயை இழுத்து டேங்குக்கே திருப்பும். கிராங்க் எண்ணெயில் அளைந்து கொண்டு சுற்ற வேண்டாம். வண்டி சாய்ந்தாலும், படாரென்று பிரேக் போட்டாலும் பம்புக்கு எண்ணெய் தட்டாது. ரேஸ்காரர்கள் இதை விரும்புவது அதற்காகத்தான்.

பழைய புல்லட்டில் அப்பவே இருக்கு!

இதில் ஒரு வேடிக்கை. 1955-ல் கம்பெனி தொடங்கி, நம்ம திருவொற்றியூரில் உருவான பழைய வார்ப்பிரும்பு என்ஜின் புல்லட்டே டிரை சம்ப் வகைதான்! எண்ணெய் டேங்க் வெளியே தொங்காது. கிராங்க் கேஸோடு சேர்த்தே ஒரு அறையாக வார்த்திருப்பார்கள். அனுப்ப ஒரு பம்ப், இழுக்க ஒரு பம்ப்.

அந்த வண்டியை மாதக்கணக்கில் நிறுத்தி வைத்தவர்களுக்குத் தெரியும். டேங்க் எண்ணெய் மெல்லக் கசிந்து கிராங்க் அறைக்குள் இறங்கிவிடும். கிக்கரை உதைத்ததும் சைலன்சர் குபுகுபுவென்று புகை கக்கும். கம்பெனியே செய்த டிரை சம்ப்புக்கே இந்தக் குணம் உண்டு. பட்டறையில் செய்வதற்கு எத்தனை கவனம் வேண்டும்?

இரண்டு பம்ப் கணக்கு

இதில் உயிர்நாடி ஒன்றுதான். இழுக்கிற பம்ப், அனுப்புகிற பம்பைவிடப் பெரிதாக இருக்க வேண்டும். கீழே விழும் எண்ணெய் காற்றோடு கலந்து நுரையாகிவிடும். நுரைக்கு இடம் அதிகம் தேவை. இரண்டு பம்பும் ஒரே அளவு என்றால், போன எண்ணெய் திரும்பாது. டேங்க் வற்றும். என்ஜின் வயிறு நிரம்பும்.

டேங்குக்குக் காற்றுப் போக்கு வைக்காமல் விட்டாலும் ஆபத்து. ஹோஸை மாற்றிச் சொருகினாலும் ஆபத்து. சூடான எண்ணெய்க்குத் தாங்காத மலிவு ஹோஸைப் போட்டால் அது இன்னொரு ஆபத்து. எண்ணெய் போகாத பிக் எண்ட் இறுகிப் பிடிக்கும். ஓடுகிற வண்டியில் பின் சக்கரம் அப்படியே லாக் ஆகும்.

கத்திப்பாரா மேம்பால வளைவில் கிளிப் கழன்று, சுடுகிற எண்ணெய் பின் டயரில் கொட்டினால் என்ன ஆகும்? ஓட்டியவர் விழுவார். அவராவது ஆசைப்பட்டுச் செய்தவர். பின்னால் ஸ்கூட்டரில் பெண்டாட்டி பிள்ளையோடு வருகிறாரே, அவர் என்ன பாவம் செய்தார்?

ரேஸ் மைதானத்தில் கேட்கிறார்கள்

இருங்காட்டுக்கோட்டை ரேஸ் மைதானத்தில் வண்டியை அப்படியே இறக்கிவிட முடியாது. முதலில் பரிசோதனை. எண்ணெய் வடிக்கும் போல்ட் கழன்று விழாதபடி கம்பி கட்டியிருக்கா, பிரீதர் குழாயில் வரும் எண்ணெய் தரையில் சிந்தாமல் பிடிக்க டப்பா இருக்கா என்று பார்ப்பார்கள். இல்லை என்றால் வண்டி வெளியே.

அதே வண்டி மவுண்ட் ரோட்டில் வந்தால்? பெரிய சைலன்சர் சத்தம் காதில் விழும், போலீசார் பிடிப்பார்கள். ஒழுகுகிற ஹோஸ் சத்தம் போடுமா?

சட்டம் என்ன சொல்கிறது?

கம்பெனி குறிப்பிட்ட விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக்கூடாது என்கிறது 1988-ம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு. 2019-ல் திருத்தம் வந்தது. அனுமதி இல்லாத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் ரூ.5 ஆயிரம் அபராதம், அல்லது 6 மாதம் வரை ஜெயில், அல்லது இரண்டும். மாட்டுகிறவர் வண்டியின் சொந்தக்காரர்.

சட்டம் இருப்பது சரிதான். ஆனால் தண்டனை மட்டும் போதுமா? பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டு, ஸ்பானரைப் பிடித்தே என்ஜின் படித்தவர்கள் இந்த மெக்கானிக்குகள். சத்தத்தைக் கேட்டே எந்த பேரிங் போச்சு என்று சொல்லுவார்கள். அந்தக் கைகளுக்கு "செய்யாதே" என்று சொல்ல ஆயிரம் பேர் உண்டு. "இப்படிச் செய், வா சோதித்துப் பார்க்கலாம்" என்று சொல்ல ஒருத்தர் இல்லை!

வழி இருக்கு!

வாகனங்களைச் சோதிக்கும் மத்திய அரசு மையம் நமக்கு அருகே ஒரகடத்திலேயே இருக்கிறது. பெரிய கம்பெனிகளுக்குத் திறக்கிற அந்தக் கதவை மாதத்தில் ஒரு நாள் சின்னப் பட்டறைக்காரர்களுக்கும் திறந்தால் என்ன? எண்ணெய் அழுத்தம் பார்க்கட்டும், சூடு பார்க்கட்டும், கசிவு பார்க்கட்டும். தேறிய வேலைக்குச் சீட்டு கொடுக்கட்டும். தேறாதது ரோட்டுக்கு வேண்டாம். ஐ.டி.ஐ.க்களில் மாலை வகுப்பு வைத்தால் பட்டறைப் பையன்கள் வரமாட்டார்களா?

அதுவரை வாலிபர்களுக்கு ஒரு வார்த்தை. டிரை சம்ப் ஆசை இருந்தால் மைதானத்தோடு வைத்துக்கொள்ளுங்கள். ரோட்டு வண்டிக்கு நேரத்துக்கு எண்ணெய் மாற்றினாலே என்ஜின் பல வருஷம் உழைக்கும்.

ஒரு கிளிப் கழன்ற பிறகு விசாரணை நடத்திப் பயன் இல்லை. போக்குவரத்துத் துறை இப்போதே விழிக்குமா?