டிஸ்க் சாகவில்லை சாமி, பட்டினி கிடக்கிறது!

"சார், ஹார்ட் டிஸ்க் போயிடுச்சு. ஃபார்மேட் அடிச்சாத்தான் சரியாகும்."

ஸ்ரீ விஜயபுரத்தில் (2024 செப்டம்பர் வரை போர்ட் பிளேயர். எனக்கு இன்னும் வாயில் பழைய பேர்தான் வருகிறது :-)) இந்தத் தீர்ப்பைக் கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது. வீட்டில் ஒரு ராஸ்பெர்ரி பை, அதில் இரண்டு வெளி டிஸ்க், உள்ளே பத்து வருஷத்துப் போட்டோ. ஒருநாள் டிஸ்க் காணாமல் போகும். கடைக்குத் தூக்கிக்கொண்டு ஓடினால் உடனே மரணச் சான்றிதழ் ரெடி.

ஒரு கடனை வாராக்கடன் என்று சொல்ல எங்களுக்கே 90 நாள் பாக்கி நிற்கணும் ஐயா. இவர்களுக்கு 90 விநாடி போதும்.

அந்த 90 விநாடியில் நடப்பது என்ன? டிஸ்க்கை விண்டோஸ் மெஷினில் செருகுகிறார்கள். லினக்ஸ் எழுதிய எக்ஸ்ட்4 அமைப்பை விண்டோஸுக்குத் தானாகப் படிக்கத் தெரியாது. உடனே "ஃபார்மேட் செய்யவா?" என்று ஒரு பெட்டி வரும். தமிழ் லெட்ஜரைத் தமிழ் தெரியாத ஆடிட்டர் பார்த்துவிட்டு "கிறுக்கல், கிழித்துப் போடு" என்பதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்?

நிஜமான குற்றவாளி பெரும்பாலும் கரண்ட். பை 4-இன் நாலு யூஎஸ்பி போர்ட்டும் சேர்ந்து கொடுப்பது மொத்தமே 1.2 ஆம்பியர். 2.5 இன்ச் டிஸ்க் ஒன்று சுழல ஆரம்பிக்கும்போது மட்டும் கிட்டத்தட்ட 1 ஆம்பியர் இழுக்கும். இரண்டு இருந்தால்? பி.காம் படித்த எனக்கே இந்தக் கணக்கு இடிக்கிறது. அதுவும் இந்தத் தீவில் கரண்ட் போய் வரும்போது இரண்டும் ஒரே நேரத்தில் சோறு கேட்கும். பாவம், ஒன்று மயங்கி விழும். எழுந்தால் எஸ்டிஏ என்ற பேரை விட்டுவிட்டு எஸ்டிபி என்று வந்து நிற்கும், சர்வர் பழைய பேரிலேயே தேடிக்கொண்டிருக்கும். தனி அடாப்டர் உள்ள யூஎஸ்பி ஹப் ஒன்று, எஃப்ஸ்டேபில் பேருக்குப் பதில் யூயூஐடி, கூடவே நோஃபெயில். பாதி வியாதி போச்சு.

அப்படியும் துண்டித்தால் கேபிளை மாற்றுங்கள். டிமெஸ்ஜியில் யூஏஎஸ் என்று புலம்பல் வந்தால், டிஸ்க் பெட்டியில் இருக்கும் சிப்தான் மக்கர். கெர்னலுக்கு க்விர்க்ஸ் வரி ஒன்று கொடுத்து அந்த யூஏஎஸ்ஸை அணைக்கலாம். வேகம் கொஞ்சம் குறையும், குறையட்டுமே.

தீர்ப்பு சொல்லியே ஆகணும் என்றால் ஸ்மார்ட் அறிக்கையைப் பாருங்கள். 5, 197 இரண்டு வரிகளிலும் பூஜ்யம் என்றால் அவசரப்படாதீர்கள். 197 ஏறிக்கொண்டே போகிறதா? சரி, நோயாளி நிஜமாகவே சீரியஸ். அப்போதும் முதல் வேலை காப்பி எடுப்பது, ஃபார்மேட் இல்லை!

"எல்லாத்தையும் கிளவுட்ல போடுங்க சார்" என்பவர்களுக்கு: 2020 ஆகஸ்ட் 10-இல் சென்னையிலிருந்து சுமார் 2,300 கி.மீ. கடலடிக் கேபிள் திறக்கும்வரை சாட்டிலைட்டை நம்பி இருந்த ஊர் இது. வீட்டில் சேர்த்து வைக்கும் பழக்கம் அப்படி வந்தது. இப்போது தாராளமாக அங்கேயும் ஒரு பிரதி போடுங்கள். அதற்காக இருக்கிற பிரதியை எதற்கு அழிக்கணும்?

டிஸ்கி (டிஸ்க் இல்லை!): கடைக்குப் போயே தீருவேன் என்றால் லினக்ஸ் லைவ் பென்டிரைவ் ஒன்றையும் கையில் எடுத்துப் போங்கள். அந்தப் பெட்டி வந்தால் நீங்களே எட்டி 'கேன்சல்' அமுக்கிவிடுங்கள்.