சம்பளப் பேச்சைக் காகிதத்தில் எழுதிக் கொடுங்கள்
காக்ஸ் டவுன் கடைக்காரப் பெருமக்களுக்கு ஒரு வேண்டுகோள்



காக்ஸ் டவுன் மார்க்கெட்டையும் அதைச் சூழ்ந்த வீதிகளையும் நம்பி ஜீவனம் நடத்தும் சிறு வணிகர் சிலரும், அத்தகைய கடைகளில் ஊழியம் செய்வோர் சிலரும் ஒன்றுகூடி, ஒரே காகிதத்தில் கையொப்பமிட்டு, இவ்விண்ணப்பத்தைத் தங்கள்முன் வைக்கிறோம்.

1809-இல் இங்கே கண்டோன்மென்ட் எனும் ராணுவத் தண்டுப் பிரதேசம் ஏற்பட்டபின் பிழைப்பை நாடித் தமிழ்நாட்டிலிருந்து வந்து குடியேறிய நம் முன்னோர், வாய்ச்சொல்லையே பத்திரமாகக் கொண்டு ஆள் அமர்த்தினர், வேலைக்கும் அமர்ந்தனர். முதலாளியும் ஆளும் ஓரூர்க்காரராய், உறவினராய் இருந்தவரை அதுவே போதுமானதாயிருந்தது. இன்றோ, நம் பேக்கரியில் மாவு பிசையும் பீகார் இளைஞனுக்கும் அவனுக்குச் சம்பளம் கொடுப்பவருக்கும் இடையே பொதுப் பாஷை பத்து வார்த்தைகூட இல்லை.

எங்களில் ஒருவர், ஒரு மளிகைக் கடையில் பதினோரு வருஷம் தராசடியில் நின்றவர். மகளின் கலியாணத்துக்கென்று மாதந்தோறும் சம்பளத்தில் ஐந்நூறு ரூபாயை முதலாளியிடமே விட்டுவைத்து வந்தார். முதலாளி உத்தமர், சிவப்பு அட்டைக் கணக்குப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில், மாதத்துக்கு ஒன்றாகப் பென்சிலால் கோடு இழுத்து வைப்பார். அவர் திடீரென்று காலமானபின், கடையை ஏற்ற பிள்ளைகளுக்கு அக்கோடுகள் எதைக் குறித்தனவென்று விளங்கவில்லை. அங்கே வஞ்சகர் எவருமில்லை. ஆயினும் பணம் போயிற்று.

எழுதிக் கேட்பது அவிசுவாசம் என்று மனம் நோகும் பெரியவர்களுக்கு, இச்சம்பவத்தையே பதிலாகச் சமர்ப்பிக்கிறோம். பெரிய ஆலைத் தொழிலாளர்க்கு 1918-லேயே சென்னைத் தொழிலாளர் சங்கம் தோன்றி, திரு.வி.க., வாடியா போன்றோர் அவர்களுக்காகப் பரிந்து பேசினர்; இருவர் மூவர் வேலை செய்யும் தையற்கடைக்கு அப்படியொரு துணை எளிதில் வாய்ப்பதில்லை.

ஆயினும் சட்டம் நமக்கும் உண்டு. 1961-ஆம் ஆண்டின் கர்நாடகக் கடைகள், வணிக நிறுவனங்கள் சட்டம், தன் 6ஏ பிரிவில், பெயர், பதவி, சம்பளம், நிபந்தனைகள் இவற்றைக் குறித்த நியமன உத்தரவை வேலைக்கு வந்த 30 நாளைக்குள் ஊழியர் கையில் சேர்ப்பிக்குமாறு விதிக்கிறது. ஆறு மாதம் தொடர்ந்து பணிபுரிந்தவரைத் தக்க காரணமும், ஒரு மாத முன்னறிவிப்போ அதற்கீடான சம்பளமோ இன்றி நீக்கலாகாது என்கிறது 39-ஆம் பிரிவு.

ஆனால் தயவுசெய்து, ஜெராக்ஸ் கடையில் கிடைக்கும் பெரிய கம்பெனிப் படிவத்தை அப்படியே பிரதியெடுக்காதீர்கள். வேலையை விட்டபின் இரண்டு வருஷம் வேறு சலூனில் கத்தரிக்கோல் தொடக்கூடாதென்று எழுதி வாங்குவது, 1872-ஆம் வருஷத்து ஒப்பந்தச் சட்டத்தின் 27-ஆம் பிரிவின்படி செல்லாது. ஏழைப் பிள்ளையின் அசல் பள்ளிச் சான்றிதழை வாங்கிக் கல்லாப்பெட்டியில் பூட்டி வைப்பதோ, மிகக் கொடிய காரியம் என்பது எங்கள் அபிப்பிராயம்.

ஒரு பக்கம் போதும். சம்பளம் எவ்வளவு, எந்தத் தேதியில், எத்தனை மணி வேலை, வாரத்தில் எந்நாள் விடுமுறை, வாங்கிய முன்பணம் எவ்வளவு, அது மாதம் எவ்வளவாகக் கழியும் என்பவற்றை எழுதி, ஊழியருக்குத் தெரிந்த பாஷையில் வாசித்துக் காட்டி, இரண்டு பிரதியில் இருவரும் ஒப்பமிட்டு, ஒன்றை அவர் கையில் கொடுங்கள். வரும் சம்பள நாளுக்கு முன் இதைச் செய்யுங்கள். எழுதத் துணை வேண்டுவோருக்கு, எங்களில் தமிழும் கன்னடமும் உருதுவும் அறிந்தவர்கள், கடை அடைத்தபின் தங்கள் இடத்துக்கே வந்து எழுதித் தரக் காத்திருக்கிறோம்.

இங்ஙனம்,
காக்ஸ் டவுன் சிறு வணிகரும் ஊழியரும்