முட்டிக்கும் ஒரு வார்த்தை உண்டு

ஹைதராபாத்தில் ஆகஸ்ட் மாத மாரத்தான் நெருங்கும்போது, ஹுசேன் சாகர் கரையில் விடியற்காலை ஓட்டக்காரர்கள் பெருகுகிறார்கள். கூடவே முட்டிவலிக்காரர்களும். நெக்லஸ் ரோட்டிலிருந்து கச்சிபவுலி வரையிலான 42.195 கி.மீ. பாதையில் மேம்பாலங்களும் மேடுகளும் அதிகம். ஏற்றம் மூச்சை வாங்கும். இறக்கம் முழங்காலைப் பதம்பார்க்கும்.

மூச்சு சில வாரங்களில் பழகிவிடுகிறது. எலும்பும் தசைநாரும் பழக மாதங்கள் ஆகும். அதற்குள் தூரத்தைக் கூட்டுபவர்களுக்குப் படியிறங்கும்போது முழங்கால் சில்லைச் சுற்றி வலிக்கத் தொடங்குகிறது. ‘ஓடினால் மூட்டு தேயும்’ என்று வீட்டில் பயமுறுத்துவார்கள். 2017இல் வெளியான ஓர் ஆய்வுத் தொகுப்பின்படி, இடுப்பு, முழங்கால் மூட்டுத் தேய்மானம் பொழுதுபோக்காக ஓடுபவர்களில் 3.5 சதவீதம், ஓடாதவர்களில் 10.2 சதவீதம், போட்டி ஓட்டக்காரர்களில் 13.3 சதவீதம். அளவோடு ஓடுபவர்கள் அஞ்ச வேண்டியதில்லை.

அஞ்ச வேண்டியது, பந்தயத்தன்று வலிமாத்திரையைப் போட்டுக்கொண்டு ஓடும் பழக்கத்துக்குத்தான். ஐபுபுரூஃபன் போன்றவை வலியை மறைக்கும். வியர்த்து நீர் வற்றிய உடலில் சிறுநீரகத்தையும் பாதிக்கலாம். தூரத்தைக் குறைத்து, தொடை, இடுப்புத் தசைகளுக்குப் பயிற்சி கொடுப்பதே வழி. முட்டி வீங்கினாலோ, மடக்க முடியாமல் பூட்டிக்கொண்டாலோ டாக்டரைப் பார்த்துவிட வேண்டும்.

இந்த ஆண்டு 21 கி.மீ. போதும் என்று தீர்மானிப்பதில் வெட்கம் எதுவும் இல்லை. மீதிப் பாதி அடுத்த ஆகஸ்டுக்கு இருக்கட்டும்.